ஊமை சைரன்

"ஐயோ... உள்ளே ஆள் விழுந்து கிடக்காரு!"

பேக்கிங் பெண்ணின் அலறலில் குளிர்பதனக் கிடங்கே அதிர்ந்தது.

மைனஸ் இருபது டிகிரி அறை. கதவை ஒட்டி ஸ்டோர் கீப்பர் விறைத்துக் கிடந்தார். உட்பக்கக் கைப்பிடி உறைந்து இறுகிப் போயிருந்தது. சுவரிலிருந்த அபாய ஸ்விட்சை அழுத்தியிருக்கிறார். அழுத்திய வேகத்தில் அது உள்ளேயே நின்றுவிட்டது.

ஆனால் ஆபீஸ் சைரன் அலறவில்லை!

கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார் சீனியர் எலக்ட்ரீஷியன். ஏன் அலறவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியும்.

எல்லாம் மச்சினனால் வந்த வினை. மனைவியின் தம்பி. இவர் கையைப் பிடித்துக்கொண்டு தொழிலுக்கு வந்தவன். புது அபாய மணி வேலை முழுவதையும் முதலாளி அவனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். இன்று மாலை சோதனை. சைரன் அலறினால் ஃபோர்மேன் பதவியும் அவனுக்கே. வீட்டுக்குப் போனாலோ மனைவியின் தம்பி புராணம். தட்டை வைக்கும்போது ஆரம்பித்தால் விளக்கை அணைக்கும்வரை ஓயாது. இவருக்கு அடிவயிறு பற்றி எரிந்தது.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. கதவருகே ஒரு கன்ட்ரோலர் பெட்டி. ஸ்விட்சை அழுத்தினால் சேதி அதற்குள் வரும். பவர் கேபிள் பெட்டிக்கு உயிர் கொடுக்கும். கம்யூனிகேஷன் கேபிள் சேதியை ஆபீசுக்குக் கொண்டுபோகும். மச்சினன் நேற்றே எல்லாவற்றையும் இணைத்து, ஒருமுறை சைரனை அலறவிட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

அவன் தலை மறைந்ததும் இவர் பெட்டியைத் திறந்தார். கம்யூனிகேஷன் வயர் இரண்டையும் இடம் மாற்றினார். சேதி வரும்... போகாது. முதலாளி முன்னால் பயல் மூக்குடைபட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதற்குள் ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டு சாவார் என்று யார் கண்டது?

பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். விசாரித்தார். மச்சினனை ஜீப்பில் ஏற்றினார்.

"நான் சரியாத்தான் மாட்டினேன் மாமா. நீங்களாவது சொல்லுங்க."

இவர் உச்சுக் கொட்டினார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் இனித்தது.

விவரம் கேட்க இன்ஸ்பெக்டர் இவரைத்தான் பெட்டியருகே அழைத்தார். சின்னப் பையன், அவசரக் குடுக்கை, நான் அப்போதே சொன்னேன் என்று இவர் அளந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். டார்ச்சைப் பெட்டிக்குள் அடித்தார்.

"மத்த வயரெல்லாம் இழை இழையா பிரிஞ்சு நிக்குது. இடம் மாறியிருக்கிற இந்த ரெண்டை மட்டும் பாருங்க. முனைக்கு லக்ஸ்ங்கிற செப்புத் தொப்பி போட்டு, ஒரு இழை வெளியில தெரியாம அழுத்தி... என்ன நேர்த்தி! உங்க மச்சினனுக்குத் தங்கமான கை சார். நீங்க அவர்கிட்ட தொழில் கத்துக்கணும் போலிருக்கே."

இவருக்கு ரத்தம் தலைக்கேறியது.

"அவனா? லக்ஸ் அழுத்தவே அவனுக்கு வராது மேடம். வெறும் இழையை முறுக்கிச் சொருகிட்டுப் போயிடுவான். பார்க்கச் சகிக்காம நான்தான் முனையை வெட்டி, புதுசா..."

நாக்கு அங்கேயே நின்றது.

கெடுக்கிற வேலையைக்கூடச் சுத்தமாகச் செய்தே பழகிவிட்ட மனிதர். என்ன செய்வார், பாவம்?

இன்ஸ்பெக்டர் டார்ச்சை அணைத்தார்.

"முதல்ல பார்த்தப்பவே இது ரெண்டு பேர் கை வேலைன்னு தெரிஞ்சுது. உங்க வீட்டம்மாவுக்கு போன் பண்ணினேன். 'அவர் எதிர்ல என் தம்பியைப் புகழ்ந்து பாருங்க மேடம். மனுஷனால வாயை மூடிக்கிட்டு நிக்கவே முடியாது'ன்னாங்க."

இவர் முகம் வெளுத்தது. கொலைப் பழி வந்து தலையில் விழுந்த அந்த நேரத்திலும் அவருக்கு முதலில் வலித்தது வேறு இடத்தில்.

"அப்போ... இப்பவும் அவளுக்குத் தம்பிதான் முக்கியமா?"

மச்சினனை ஜீப்பிலிருந்து இறக்கிவிடச் சொல்லிக் கான்ஸ்டபிளுக்குக் கையசைத்த இன்ஸ்பெக்டர், விலங்கை எடுத்தார்.

"மனசைத் தேத்திக்குங்க சார். உங்க மச்சினனுக்குக் கிடைக்காத ஒண்ணு இன்னிக்கு உங்களுக்குக் கிடைக்குது... கையை நீட்டுங்க!"