யார் கை வைத்தது?

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே பிலோமினா குளிர்ப்பெட்டியைத் திறந்து சிறுநீரகங்களைப் பார்த்துவிடுவாள். மேல்தட்டில் நேற்று வைத்த ஊளி மீன் குழம்பு, பாதித் தேங்காய், ஒரு கிண்ணம் தயிர். கீழ்த்தட்டில் ஆறு கண்ணாடிப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் இளஞ்சிவப்புத் திரவத்தில் ஒரு சிறுநீரகம் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். புட்டியின் மேல் அதைப் பொருத்திக்கொள்ளப் போகிறவரின் பெயர் ஒட்டியிருக்கும்.

"வாத்தியார் இன்னைக்குக் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்காரு," என்று அவள் சொன்னால் எந்தப் புட்டி என்று கணவன் கஸ்பாருக்குப் புரிந்துவிடும்.

தூத்துக்குடியில் உறுப்பு வளர்க்கும் கூடங்கள் பெருகிய காலம் அது. உலகம் சூடேறிவிட்டதென்று சிறு விமானங்களையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். டீசல் படகுகளுக்கும் அனுமதி இல்லை. லட்சத்தீவுக்கு அப்பால் கடல்மேல் கட்டிய மிதவையூர்களுக்கு எதைக் கொண்டுபோவதானாலும் பாய்மரம்தான். கஸ்பாரின் படகு 'மரிய சகாயம்' அப்படிப்பட்ட ஒன்று. அதில் கட்டியிருந்தது வெயில்பாய். காற்றையும் பிடிக்கும், வெயிலை வாங்கி மின்சாரமும் தரும். படகில் எல்லாமே புதிது, குளிர்ப்பெட்டியைத் தவிர. அது கஸ்பாரின் அப்பா காலத்துச் சாமான். கம்ப்ரஸர் ஓடும், உள்ளே வாயு சுற்றும், வாயுவின் சூட்டைக் கடல்தண்ணீர்க் குழாய் வாங்கிக்கொண்டு வெளியே தள்ளும். அதைச் செய்த நாளில் கடல் இவ்வளவு சூடாக இருந்ததில்லை.

அன்று காலை, நான்கு டிகிரியில் இருக்க வேண்டிய முள் ஏழில் நின்றது. பத்தைத் தொட்டால் ஆறு புட்டியும் குப்பைக்குத்தான். அடுத்த பங்கு வளர்ந்து வருவதற்குள் அந்த ஆறு பேரில் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது.

பிலோமினா துறைமுகப் பணிமனைக்குச் சொல்லி அனுப்பினாள். பழுதாள் வந்தது.

பழுதாள் என்பது பழுது பார்க்கும் இயந்திர மனிதன். தோளில் ஒரு நசுங்கல், நெஞ்சுக்குள் கருவி அறை, விரல் நுனிகளில் சின்ன விளக்கு. அது குளிர்ப்பெட்டியின் பின்பலகையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தது. நாக்கு இல்லாவிட்டாலும் 'ச்சு' என்று ஒரு சத்தம் எழுப்பியது.

"யார் சார் இதுல கை வச்சது?"

"ஏன், என்னாச்சு?" என்றான் கஸ்பார்.

"வேலையா சார் இது? செம்புக் குழாய் இருக்க வேண்டிய இடத்துல இரும்புக் குழாய் போட்டிருக்கான். உப்புத் தண்ணியில செம்பும் இரும்பும் ஒட்டி இருந்தா அரிச்சே தின்னுடும். வாயு பாதிதான் இருக்கு." இன்னொரு முறை 'ச்சு' கொட்டியது. "தெரியாதவன் பண்ணின வேலை மாதிரி இல்ல. தெரிஞ்சே பண்ணியிருக்கான். செம்பு இன்னைக்கு என்ன விலை விக்குதுன்னு உங்களுக்குத் தெரியாததா? இங்க இருந்த செம்பு எங்க போச்சுன்னு யோசிங்க."

கஸ்பார் யோசித்தான். போன வருடம் கண் ஆபரேஷனுக்காக அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிலோமினாவும் கூடவே இருந்தாள். படகைப் பார்த்துக்கொண்டது அவளுடைய தம்பி டைட்டஸ். இடையில் ஒருநாள் குளிர்ப்பெட்டி நின்றுபோனதென்றும், சரி பண்ணியாயிற்று என்றும் அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. வேறு யாரும் அந்தப் பெட்டியின் பக்கம் போனதில்லை.

அவன் மனைவியைப் படகின் முன்பக்கத்துக்குக் கூட்டிப் போனான்.

"உன் தம்பி போன வருசம்தானே கடல்தண்ணியக் காச்சிக் குடிதண்ணி எடுக்குற கொதிகலன் வச்சான்?"

"ஆமா."

"அதுக்குள்ள சுத்திச் சுத்திப் போகுதே ஒரு குழாய், அது என்ன குழாய்?"

அது செம்புக் குழாய் என்று பிலோமினாவுக்கும் தெரியும். டைட்டஸின் மனைவி அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பாள்.

"அவனை அப்படிச் சொல்லாதீங்க," என்றாள்.

"நான் எங்க சொன்னேன்? பழுதாள்தான் சொல்லுது. யோசிச்சுப் பாரு. இந்த வருசம் பூரா நம்ம படகுல அவன் ஒருவேளை சாப்பிட்டிருக்கானா? கூப்பிட்டா வேலை இருக்குன்னு நழுவுதான். மனசுல குத்தம் இல்லாதவன் ஏன் நழுவணும்?"

சந்தேகம் அவளுக்குள்ளும் இறங்கியது. ஒன்றை நினைக்க ஆரம்பித்ததும் எல்லாமே அதற்குப் பொருந்தி வந்தன. தம்பி சிரித்தது, சிரிக்காதது, முந்தாநாள் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கணவனிடம் சொல்லாத ஒன்றை அவள் சொன்னாள்.

"சின்னதுல ஒரு தடவை மாதா கோயில் உண்டியல்ல கை விட்டுட்டான். அம்மா வெளிய தெரியாம மூடி மறைச்சா."

கஸ்பாருக்கு அது போதுமானதாக இருந்தது.

அவர்கள் திரும்பி வந்தபோது முள் எட்டைத் தாண்டியிருந்தது.

"இதை இனிமே ஒட்டுப்போட முடியாது," என்றது பழுதாள். "இந்த வாயு இப்ப எங்கயும் கிடைக்காது. காந்தக் குளிர்ப்பான்தான் வைக்கணும். காந்தத் தகடு மூலமா சூட்டை வெளிக் காத்துல தள்ளிடும். வாயுவும் வேண்டாம், கடல்தண்ணியும் வேண்டாம். ஆனா பழசைப் பேத்து எடுத்துப் புதுசை உக்கார வைக்கச் சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் சாமானை வேற எங்கயாவது குளிர்ல வைங்க."

அந்தத் துறையில் அப்போது குளிரறையோடு நின்ற ஒரே படகு, பக்கத்திலேயே கட்டியிருந்த டைட்டஸின் மீன்படகுதான்.

"வேண்டாம்," என்றான் கஸ்பார். "செம்பை எடுத்தவன் சிறுநீரகத்தை விட்டுவைப்பானா? இதுக்குக் கள்ளச் சந்தையில என்ன மதிப்பு இருக்குன்னு அவனுக்குத் தெரியாதா?"

"வெயில்ல வச்சு அழிக்கிறதுக்கு அவன் திருடினாலே தேவலை. யாருக்காவது பொருத்தவாவது செய்வாங்க."

அவள் புட்டிகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கூடையில் அடுக்கினாள். முள் ஒன்பதில் இருந்தது. கஸ்பார் வழியை விட்டு நகரவில்லை. அவள் அவனை இடித்துக்கொண்டே பலகையில் இறங்கிப் போனாள். ஒரு நிமிடம் நின்றுவிட்டு அவனும் பின்னாலேயே போனான். கண்காணிக்கத்தான் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கூடையைப் பார்த்ததும் டைட்டஸ் குளிரறையிலிருந்த மாவுலா மீன்களை அள்ளி வெளியே போட்டான். அவை அன்றைய வெயிலுக்குத் தாங்காது. புட்டிகளை ஒவ்வொன்றாக வாங்கி, பெயர் தெரியும்படி திருப்பி வைத்துக் கதவைச் சாத்தினான்.

"பெட்டி முழுசா நின்னுட்டுதா அக்கா?"

"நின்னுதான் போச்சு," என்றான் கஸ்பார். "இரும்புக் குழாய் அரிச்சுப் போச்சாம். யாரு போட்டதுன்னுதான் தெரியல."

"போன வருசம் போட்டதுதானே?"

"அதான் மாப்ள கேக்கேன். செம்பு இருந்த இடத்துல ஏன் இரும்பைப் போட்ட?"

டைட்டஸ் அவனைப் புரியாமல் பார்த்தான். "நானா போட்டேன்? எனக்கு அந்தப் பெட்டியில எது முன்னால எது பின்னாலன்னே தெரியாது. பணிமனைக்குச் சொன்னேன். இதுதான் வந்து போட்டுது." அடுத்த படகில் பலகை பேர்த்துக்கொண்டிருந்த பழுதாளைக் காட்டினான்.

"இதுவா?"

"இந்தத் துறைமுகத்துல குளிர்ப்பெட்டிக்குன்னு இருக்கறதே ஒண்ணுதானே அத்தான். பழைய செம்பு ஓட்டை விழுந்து கிடந்துச்சு. அதை அதுவே எடுத்துட்டுப் போச்சு. பணிமனையில அன்னைக்குச் செம்பு இல்ல. இப்போதைக்கு இரும்பு போடுதேன், சீக்கிரம் மாத்திருங்கன்னு சொல்லிச்சு. நான் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்து உங்ககிட்ட சொன்னேனே. கண்ணுல கட்டோட படுத்திருந்தீங்க, அக்கா மருந்து வாங்கப் போயிருந்துச்சு. சரி சரின்னு தலையாட்டினீங்க."

கஸ்பாருக்கு மருந்து வாடை நினைவிருந்தது. பெட்டி சரியாகிவிட்டதென்று டைட்டஸ் சொன்னதும், தான் தலையாட்டியதும் நினைவிருந்தது. அதற்கு மேல் அவன் என்ன சொன்னான் என்பது மட்டும் நினைவில்லை.

"அன்னைக்கும் இது பெட்டியைத் திறந்ததும் அதுக்கு முந்தி வேலை பார்த்தவனைத்தான் திட்டுச்சு," என்றான் டைட்டஸ். "அந்த வேலையைப் பார்த்ததும் இதுவாத்தான் இருக்கும்."

மூவரும் மரிய சகாயத்துக்கு வந்தார்கள். கஸ்பார் பழுதாளை நேரே கேட்டான். அது வேலையை நிறுத்தாமலே பதில் சொன்னது.

"இருக்கலாம் சார். எனக்குத் தெரியாது. சொந்தக்காரங்க வச்சுக்கோன்னு சொன்னாத்தான் ஒரு இடத்தோட நினைவு என்கிட்ட தங்கும். இல்லேன்னா வேலை முடிஞ்சதும் அழிஞ்சிடும். வீட்டுக்குள்ள வர்ற இயந்திரம் பார்த்ததைப் போய் நாலு இடத்துல சொல்லும்னு ஜனங்க சந்தேகப்பட்டாங்க. அதனால போட்ட சட்டம்."

"அப்ப யார்னே தெரியாம எதுக்குத் திருடன் அளவுக்குப் பேசின?"

"அப்படித்தான் சார் எனக்குக் கத்துக் கொடுத்திருக்காங்க."

அது பொய் சொல்லவில்லை. பழுதாள்களை உருவாக்கியவர்கள் முதலில் அவற்றை நல்ல மரியாதையோடுதான் அனுப்பினார்கள். முன்பு வேலை பார்த்தவரைப் பற்றி ஒரு குறையும் சொல்லாமல் பழுதை நீக்கிவிட்டுப் போன இயந்திரங்களை யாரும் நம்பவில்லை. இதற்கு வேலை தெரியாது என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு அந்தக் காலத்து மெக்கானிக்குகள் பெட்டியைத் திறந்ததும் பேசிய பேச்சுகளையெல்லாம் திரட்டி ஊட்டிய பிறகுதான் ஜனங்களுக்கு நிம்மதி வந்தது.

மாலையில் காந்தக் குளிர்ப்பான் சத்தமே இல்லாமல் ஓட ஆரம்பித்தது. முள் நான்குக்கு இறங்கியதும் டைட்டஸ்தான் புட்டிகளைத் தூக்கி வந்து கீழ்த்தட்டில் வைத்தான். ஆறும் நன்றாக இருந்தன. அவன் வெளியே போட்ட மாவுலா கெட்டுப்போயிருந்தது. அதைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை.

"சாப்பிட்டுட்டுப் போ மாப்ள," என்றான் கஸ்பார், முகத்தைப் பார்க்காமல்.

"வேண்டாம் அத்தான். இந்த வருசம் பூரா வயித்துப் புண்ணு. மீன் குழம்பு தொட்டா ராத்திரி தூங்க முடியல. சொன்னா அக்கா பயப்படும்னு நழுவிக்கிட்டே இருந்தேன்." பிறகு கேட்டான், "அடுத்த மாசம் மத்தக் கண்ணுக்கும் போகணும்ல? படகை நான் பாத்துக்கிடுதேன்."

பிலோமினா தயிரை எடுத்து அவனுக்குச் சோறு பிசையப் போனாள். பழுதாள் கருவிகளை நெஞ்சறைக்குள் அடுக்கிவிட்டுக் கஸ்பாரின் முன்னால் வந்து நின்றது.

"இந்தப் படகோட நினைவை வச்சுக்கவா, அழிக்கவா?"

"வச்சுக்கச் சொல்லுங்க அத்தான்," என்றான் டைட்டஸ். "இன்னொரு தடவை இந்தக் குழப்பம் வேண்டாம்."

கஸ்பாருக்கும் அது சரியென்றே பட்டது. "வச்சுக்கோ."

"நல்லது சார். சட்டப்படி ஒண்ணு சொல்லணும். நினைவைப் பிரிச்சு வைக்க முடியாது. குழாய், பெட்டி அளவு, காலையில முன்பக்கத்துல நீங்க ரெண்டு பேரும் பேசினது, எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும். எனக்குக் காது கொஞ்சம் கூர்மை. படகுக்குப் பொறுப்பா இருக்கிறவங்க யார் கேட்டாலும் போட்டுக் காட்டுவேன்."

பிலோமினாவின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"முன்பக்கத்துல என்ன பேசினீங்க?" என்றான் டைட்டஸ்.

"அழிச்சிரு," என்றாள் பிலோமினா. கஸ்பாரும் அதே நேரத்தில் அதையேதான் சொன்னான்.

பழுதாளின் விரல் விளக்குகள் அணைந்து எரிந்தன. அது மூவரையும் இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

"வணக்கம். குளிர்ப்பெட்டிப் பழுதாள். படகுல என்ன கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்ல," என்றான் கஸ்பார். "நீ கிளம்பு."

அது பலகையில் இறங்கி நடந்து போனது. பிலோமினா சோற்றுத் தட்டைத் தம்பியிடம் நீட்டினாள். அவன் அதை வாங்காமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.