அணைய மறுத்த கார்

போன் அலறியபோது மெக்கானிக் அக்கா ஒரு லாரியின் அடியில் மல்லாந்து கிடந்தாள்.

"பல் டாக்டரோட காரை நேத்து நீங்கதானே பாத்தீங்க?"

"ஆமா. யாரு பேசுறது?"

"இன்ஸ்பெக்டர். டாக்டர் செத்துட்டாரு. வண்டி இன்னும் ஓடிட்டிருக்கு... வந்து அணைச்சுக் குடுங்க."

ஸ்பேனர் அவள் நெஞ்சின் மேல் விழுந்தது. வலிக்கவில்லை.

கால் மணி நேரத்தில் டாக்டர் வீட்டு கார் ஷெட்டில் நின்றாள். உடலை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருந்தார்கள். ஒற்றைச் செருப்பு மட்டும் டிரைவர் கதவுக்குக் கீழே கிடந்தது. ஷட்டர் திறந்திருந்தும் புகை நெடி போகவில்லை.

நடுவில் அந்தக் கார்... எதுவுமே நடக்காதது போல உறுமிக்கொண்டு!

"இவங்கதான் சார்." டாக்டரின் தம்பி விரலை நீட்டினான். "வண்டி ரெடி, எடுத்துட்டுப் போங்கன்னாங்க. எங்க அண்ணனையே எடுத்துட்டாங்க."

சுவரோரம் டாக்டரின் மனைவி. அழுது வீங்கிய கண்கள்.

"நீங்க சொல்லுங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"வெளிய போயிட்டு வந்தாரு சார். வண்டி உள்ள வந்ததும் இந்த ஷட்டர் தானா எறங்கிடும். சாவி திரும்பல போல... அதோட மல்லுக்கட்டியே மூச்சு முட்டியிருக்கு. நான் வந்து பாக்குறப்ப ஸ்டியரிங்ல சாஞ்சு கெடந்தாரு. நானும் ரெண்டு கையாலயும் திருப்பிப் பாத்தேன். அசையல."

கான்ஸ்டபிள் தன் கட்டைவிரலைக் காட்டினார். தோல் உரிந்திருந்தது. "நானும் பாத்துட்டேன் சார். உடும்புப் பிடி."

மெக்கானிக் அக்கா உள்ளே தலையை நீட்டினாள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஆட்டினாள். ஸ்டியரிங் பூட்டால் சாவி சிக்கவில்லை. கியர் லீவர் 'பி'யில், அதாவது பார்க்கிங்கில்தான் இருந்தது. சாவியைத் தொட்டாள். பாதி வந்து நின்றது.

நேற்றுப் பார்த்த அதே கோளாறு.

"சார், லீவருக்கு அடியில ஒரு சின்ன சுவிட்ச் இருக்கு. லீவர் 'பி'க்கு வந்துடுச்சுன்னு அதுதான் சொல்லணும். சொன்னாத்தான் சாவி முழுசாத் திரும்பும். அது தேஞ்சு போச்சு. புதுசு வர ரெண்டு நாளாகும்னேன். அதுவரைக்கும் எப்படி அணைக்கணும்னும் சொல்லிக் குடுத்தேன்."

"யாருக்கு? டாக்டருக்கா?"

"டாக்டர் என் ஷெட்டுப் பக்கமே வந்ததில்ல. வண்டி எடுக்க வந்த இந்தத் தம்பிக்கு."

"பச்சப் பொய் சார்," என்றான் தம்பி. "ஒரு வார்த்த சொல்லல. சொல்லியிருந்தா அண்ணன்கிட்டச் சொல்லியிருக்க மாட்டேனா?"

"சாட்சி இருக்காம்மா?" இன்ஸ்பெக்டரின் குரலில் ஈரமில்லை.

இல்லை.

பொம்பளை கையில் வண்டியைக் கொடுப்பதா என்று கேட்ட ஊர். பன்னிரண்டு வருஷம் கிரீஸில் ஊறித்தான் அந்தக் கேள்வியை அழித்திருந்தாள். இன்று மாலைக்குள் ஷெட்டுக்குப் பூட்டு... அவளுக்கு விலங்கு!

"அப்படி என்ன வழி சொல்லிக் குடுத்தீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். சட்டென்று மூடினாள்.

"உங்க காதுல மட்டும் சொல்றேன் சார்."

சொன்னாள். அரை நிமிஷம்.

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறி இறங்கியது. கான்ஸ்டபிளை வெளியே அழைத்துப் போய் ஏதோ முணுமுணுத்தார். தனியாகத் திரும்பி வந்து சுவரிலிருந்த பொத்தானை அழுத்தினார்.

ஷட்டர் கடகடவென்று இறங்கியது.

"எதுக்கு சார்?" டாக்டரின் மனைவி நிமிர்ந்தாள்.

"நடந்த மாதிரியே பாத்துடலாம். ரெண்டே நிமிஷம்."

மெக்கானிக் அக்கா சாவியோடு மல்லுக்கட்டினாள். திரும்பவில்லை. மறுபடி. திரும்பவில்லை. புகை முட்டியளவு... இடுப்பளவு...

"போதும், தெறப்போம்," என்று இன்ஸ்பெக்டர் பொத்தானை அழுத்தினார்.

ஷட்டர் அசையவில்லை.

"கரண்ட் போயிடுச்சு போலிருக்கே."

"பக்கக் கதவும் வெளிய பூட்டியிருக்கு. தட்டுங்க சார்..." தம்பி இருமினான்.

"தட்டலாம். கான்ஸ்டபிள் டீக்குப் போயிருப்பாரு."

மெக்கானிக் அக்கா தம்பியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவற்றைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டான். கண்ணில் நீர் வழிந்தது. நகரவில்லை.

கல்லுளிமங்கன்.

அவள் நெஞ்சு எரிந்தது. கணக்குத் தப்பிவிட்டதா? இன்னும் ஒரு நிமிஷம் போனால் அவளே ஷெட் ஜன்னலை உடைக்க வேண்டியிருக்கும்...

"தள்ளுடி!"

யாரோ அவளை இடித்துத் தள்ளினார்கள்.

டாக்டரின் மனைவி!

இடது கை லீவரின் பொத்தானைத் தொடாமல் அதை முன்னால் அழுத்தியது. அப்படியே இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தது. வலது கை சாவியை உள்ளே அமுக்கித் திருப்பியது.

க்ளிக்.

இன்ஜின் செத்தது.

இன்ஸ்பெக்டர் பக்கக் கதவை இரண்டு முறை தட்டினார். டீக்குப் போகாத கான்ஸ்டபிள் கரண்டைப் போட்டார். ஷட்டர் ஏறியது. வெயில் உள்ளே வந்தது.

"ரெண்டு கையாலயும் திருப்பியும் அசையலைன்னீங்களே?"

"எப்படியோ... திரும்பிடுச்சு சார்."

"எப்படியோ இல்லம்மா. என் காதுல சொன்ன நாலு வேலையும் வரிசை மாறாம நடந்துச்சு." மெக்கானிக் பக்கம் திரும்பினார். "இதை வேற யார்கிட்டச் சொன்னீங்க?"

"ஒரே ஒருத்தர்கிட்டதான் சார்."

மூன்று ஜோடிக் கண்கள் தம்பியின் மேல் நின்றன.

"எனக்குச் சொல்லவே இல்லைன்னீங்க தம்பி. சொல்லாதது அண்ணிக்கு எப்படிப் போச்சு?" இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளிடம் திரும்பினார். "ஆஸ்பத்திரிக்குப் போன் போடுய்யா. முழிச்சிருந்தா டாக்டர் எறங்கி வெளிய வந்திருப்பாரு. அவர் வயித்துல தூக்க மாத்திரை இருக்கான்னு பாக்கச் சொல்லு."

டாக்டரின் மனைவி தரையில் சரிந்து உட்கார்ந்தாள். மாத்திரை என்ற சொல்லே போதுமானதாக இருந்தது.

தம்பி பல்லைக் கடித்தான். "இன்னும் ரெண்டு நிமிஷம் மூச்சப் பிடிச்சிருந்தா கொறஞ்சா போயிருப்பீங்க அண்ணி?"

இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை போட்டார்.

"கவலைய விடுங்க தம்பி. போற எடத்துல நல்ல காத்து வரும். கதவுல வெறும் கம்பிதான்!"