அண்ணிக்கும் ஒரு நாள்

"போங்க அண்ணி... போங்க! என் பிறந்தநாள் வந்தாத்தான் உங்களுக்கு வேலை தலைக்கு மேல வரும். வராம இருந்தாத்தான் அதிசயம்!"

சொல்லிவிட்டுப் பாப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பெயருக்குத்தான் பாப்பா. நாற்பதை எட்டிப் பிடிக்கப் போகிற வயது. கல்யாணம் நிலைக்காமல் அண்ணன் வீட்டுக்கு, இந்த அயல்நாட்டுக்கு, இரண்டு பெட்டியோடு வந்து சேர்ந்தவள். வந்த அன்றே படுக்கையறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு, அண்ணனும் அண்ணியும் கூடத்துச் சோபாவை இரவில் விரித்துப் படுத்துக்கொள்ளப் பழகியிருந்தார்கள்.

அண்ணி ஒரு காலில் பூட்ஸை மாட்டியபடி தடுமாறி நின்றாள். விடியும் முன்பே எழுந்து கேக் சுட்டாகிவிட்டது. மதியத்துக்கான சமையலும் முடிந்து அடுப்பின் மேல் மூடி வைத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். எதிர்வீடே தெரியவில்லை. உலகம் இந்த மூன்று பேரோடு முடிந்துவிட்டது போல ஒரு வெண்மை.

"லீவு கேட்டேன் பாப்பா... ஹோட்டல் முழுக்க ஆளுங்க. தரமாட்டேன்னுட்டாங்க. மத்தியானம் வந்துடறேன், சேர்ந்து வெட்டலாம்."

"யாரும் சிரமப்பட்டு வர வேணாம்! நான் இங்க வேண்டாதவதானே... எனக்குத் தெரியாதா? தையல் கடையில கூட வேலை பார்க்கிறவ ரூம் இருக்குன்னு சொல்லியிருக்கா. போயிடறேன்!"

"பாப்பா!"

"உங்களுக்குன்னு ஒரு நாள் இருந்தாத்தானே அண்ணி அதோட அருமை தெரியும்!"

அந்த வார்த்தை பூட்ஸின் கயிற்றை முடிந்துகொண்டிருந்த விரல்களை ஒரு கணம் நிறுத்திவிட்டது. கணவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, வழக்கம்போல, "சின்னப் பொண்ணு... விடும்மா" என்றார். ஊர் முழுக்கப் பேருந்து ஓட்டுகிறவர். எந்தத் திருப்பத்தில் எவ்வளவு வளைக்க வேண்டும் என்பது கண்ணை மூடிக்கொண்டே தெரியும். வீட்டுக்குள்தான் அவருக்கு ஒரே பாதை.

அவள் விட்டுவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு பனிக்குள் இறங்கினாள்.

ஹோட்டலின் பின்வாசலில் அடையாள அட்டையைப் படிக்கும் கருவி ஒன்றைச் சில வாரங்களுக்கு முன்புதான் புதிதாக மாட்டியிருந்தார்கள். அட்டையை வைத்ததும் எப்போதும் பச்சை விளக்கு எரியும், கதவு திறக்கும். இன்று அது கிளிபோலக் கீச்சிட்டது. திரையில் வண்ண வண்ணப் பலூன்கள் மிதந்தன. நடுவே அவள் பெயர். அதன் கீழே பிறந்தநாள் வாழ்த்து!

திருடியவள் பிடிபட்டது போலச் சட்டென்று உள்ளங்கையால் திரையைப் பொத்தினாள். விரல் இடுக்கு வழியாகப் பலூன்கள் மேலே போய்க்கொண்டே இருந்தன.

பின்னாலிருந்து ஒரு விசில். சலவைக்கூடத்தின் தலைவிதான். இயந்திர இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது என்று வாயாலேயே விசில் அடிப்பவள். அதனால் பெயரே விசில் ஆகிவிட்டது. அவள் திரையைப் பார்த்துவிட்டாள். கண்ணைச் சிமிட்டிவிட்டு உள்ளே போனாள்.

சலவைக்கூடம் ஹோட்டலின் அடித்தளத்தில் இருந்தது. சூரியன் எட்டிப் பார்க்காத இடம். ஆனாலும் எங்கு பார்த்தாலும் வெள்ளை. வெந்நீராவி மெல்லப் படர, சூடான உருளைகளுக்கு அடியிலிருந்து படுக்கை விரிப்புகள் மேகம்போல வழிந்து வந்தன. ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறுமுனையை எதிரே நிற்பவள் பிடிப்பாள். இழுத்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, மடித்து, பிரிந்து... நடனம் மாதிரி இருக்கும். கை பாட்டுக்கு வேலை செய்யும், மனம் எங்கோ போய்விடும்.

இன்று அது அவள் கல்யாணமான முதல் வருஷத்துக்குப் போனது.

அன்று காலை புது மருமகளாக அவள் எழுந்து வரும்போதே வீடு கலகலவென்று இருந்தது. மாமியார் மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார். மாமனார் புது உடுப்போடு நின்றார். பாப்பாவுக்குப் பதின்மூன்று வயது. 'என்ன விசேஷம்?' என்று கேட்டதும், ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது அந்தப் பெண். "அண்ணி, இன்னைக்கு என் நாள்! இன்னைக்கு ஒரு நாள் மட்டும் எல்லாமே எனக்குத்தான். எனக்கு மட்டும்தான்!"

'எனக்கும் இன்னைக்குத்தான்' என்ற வார்த்தை நாக்கின் நுனிவரை வந்திருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள். அடுத்த வருஷம் சொல்லலாம் என்று நினைத்தாள். அடுத்த வருஷம், 'போன வருஷமே ஏன் சொல்லலை?' என்பார்களே என்று கூசியது. ஒருமுறை மாமியார் கேட்டபோது, "எங்க வீட்ல அதெல்லாம் பார்க்கிறதில்லை" என்று மழுப்பினாள். அன்றோடு 'அண்ணிக்குப் பிறந்தநாளே கிடையாது' என்பது வீட்டில் ஒரு வேடிக்கையாக நிலைத்துவிட்டது. மாமனாரும் மாமியாரும் போனார்கள், ஊர் மாறியது, நாடு மாறியது... வேடிக்கை மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் அடுப்படியில் நின்றவள் அவள்தான்.

வேலை முடிந்தது. கோட்டை எடுக்கத் திரும்பியவளை விசில் சத்தம் நிறுத்தியது. இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துப்போனார்கள். மடித்த துண்டுகளை அடுக்கி ஒரு சிம்மாசனம்! அதில் உட்காரவைத்து, காகிதக் கைக்குட்டையில் செய்த கிரீடத்தைத் தலையில் கவிழ்த்தார்கள். தள்ளுவண்டியின் மேல் கேக். மெழுகுவத்தி.

"வீட்டுக்குப் போகணும்... காத்திருப்பாங்க..." என்று அந்த ஊர் மொழியில் திக்கினாள்.

யாரும் கேட்கவில்லை. ஆளுக்கொரு நாட்டிலிருந்து வந்தவர்கள், ஆளுக்கொரு மொழியில், ஆளுக்கொரு சுருதியில் பாடத் தொடங்கினார்கள். ஆவிக்கு நடுவே அந்த முகங்கள் கனவில் வருகிறவை போல அசைந்தன. தன் பெயரைப் பாட்டில் வைத்து அவள் கேட்டது எத்தனை காலத்துக்கு முன்பு? அம்மா இருந்தபோது... கண் கரித்தது.

அப்போதுதான் வாசலில் பாப்பா தெரிந்தாள். பின்னாலேயே கணவர்.

"நல்லா இருக்கு அண்ணி... ரொம்ப நல்லா இருக்கு!" பாப்பாவின் குரல் கிறீச்சிட்டது. "ஃபோன் அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சு போனோம். என்னமோ ஏதோன்னு அண்ணனை இழுத்துக்கிட்டு ஓடி வந்தேனே, நான் ஒரு பைத்தியக்காரி! எனக்கு மெழுகுவத்தி ஏத்த நேரமில்லை, இங்க யார்கூடயோ கிரீடம் வச்சுக்கிட்டுக் கூத்தடிக்க நேரம் இருக்கு!"

பாட்டு நின்றது. மொழி புரியாவிட்டாலும் கோபம் எல்லாருக்கும் புரிந்தது. அண்ணியின் ஃபோன் வேலைநேரத்தில் பூட்டிவைக்கும் அலமாரிக்குள் இருந்தது.

விசில்தான் முன்னால் வந்தாள். வீட்டாரா என்று மலர்ந்து விசாரித்தாள். சரியான நேரத்துக்கு வந்தீர்கள், வீட்டில் காலையிலேயே இவளைக் கொண்டாடித் தீர்த்திருப்பீர்கள், எங்களுக்கும் ஒரு துண்டு பங்கு வேண்டாமா, என்று சிரித்தாள்.

பாப்பாவுக்கு அந்த மொழி நன்றாகவே தெரியும். கேக்கைப் பார்த்தாள். அதில் அண்ணியின் பெயர். கிரீடத்தைப் பார்த்தாள்.

"அண்ணி... இன்னைக்கா? உங்களுக்கும்... இன்னைக்கா?"

அண்ணி கிரீடத்தைக் கழற்றப் போனாள். பாப்பா ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காதீங்க! சொல்லுங்க... அப்போ நம்ம வீட்ல... அத்தனை வருஷமும்... எனக்குச் சமைச்சு, எனக்குப் பரிமாறி... பாத்திரம் கூட நீங்கதானே கழுவுனீங்க! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? காலையில நான் என்ன பேசினேன்... என் வாயில கொள்ளி வைக்க!"

"சும்மா இரு. நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு!" என்று அதட்டியவளின் குரல் பாதியில் உடைந்தது. "முதல்ல நீ சின்னப் பொண்ணு. அப்புறம் சொல்லக் கூச்சம். அப்புறம்... உனக்குப் பாடறப்போ மனசுக்குள்ள எனக்கும் சேர்த்துப் பாடிக்குவேன். அதுவே போதும்னு இருந்துட்டேன்."

"போதுமா அண்ணி?"

அவள் பாப்பாவின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இல்லை பாப்பா... போதலை. வலிச்சுது. இன்னைக்குக் காலையில ரொம்ப வலிச்சுது."

இத்தனை காலத்தில் அவள் 'வலித்தது' என்று சொல்லி அந்த வீட்டார் கேட்டதில்லை. பாப்பா அப்படியே மண்டியிட்டு, பதின்மூன்று வயதில் கட்டிக்கொண்டதைவிட இறுக்கமாக இடுப்பைக் கட்டிக்கொண்டு தேம்பினாள்.

கணவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார். "விசா வாங்கறப்போ உன் பிறந்த தேதியை நான்தான் எழுதினேன்... ஒருதரமா ரெண்டுதரமா..."

"எழுதினீங்க," என்றாள் அவள். "ஒருதரம் கூடப் படிக்கலை."

கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவரால் தாங்க முடியவில்லை. திரும்பி, உலர்த்தும் இயந்திரத்தின் பக்கம் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விசிலுக்குப் பொறுமை போயிற்று. மெழுகு கேக்கில் ஒழுகுகிறது, அழுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அண்ணியும் பாப்பாவும் ஒரே கத்தியைப் பிடித்து வெட்டினார்கள். பாப்பா முதல் துண்டை அண்ணியின் வாயில் ஊட்டினாள். மூக்கிலும் கொஞ்சம் ஒட்டியது.

திரும்பும்போது பனி இன்னும் இறங்கியிருந்தது. கார் மிதந்து போவதுபோலப் போனது. பின் இருக்கையில் பாப்பாவின் தோளில் சாய்ந்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பனிமூட்டத்தால் பகலிலேயே எரிந்த தெருவிளக்குகள் இமைக்கு மேலே மஞ்சளாக வந்து வந்து போயின.

"அண்ணா, மெதுவா... அண்ணி தூங்கறாங்க. சாயங்காலம் இன்னொரு கேக் வாங்கணும். சமையல் நான்தான். நீ வெங்காயம் உரிச்சுக் கொடு."

"ராத்திரி நான் சோபாவில படுத்துக்கறேன்," என்று பாப்பாவே தொடர்ந்தாள். "பேசாதே. நான் சொல்றதுதான்."

"சரி, சரி."

"அண்ணிக்கு எத்தனை வயசு ஆகுது? அதாவது தெரியுமா உனக்கு?"

"இரு... கணக்குப் போடறேன்."

கார் ஒரு திருப்பத்தில் நின்று, மெல்ல வளைந்தது. முணுமுணுப்பாகக் கூட்டினார், கழித்தார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"நாற்பத்தேழு!"

ஒரு வயது குறைவு. பாப்பாவின் தோளில் முகத்தை இன்னும் கொஞ்சம் புதைத்துக்கொண்டு, அவள் தூங்குகிறவளாகவே இருந்தாள். திருத்துவதாக அவளுக்கு உத்தேசம் இல்லை.