துமிராவின் பெயருக்கு ஒரு கிரயப் பத்திரம்

"என் பேரை உன் பேர்ல எழுதிக்கிட்டியாமே! எங்கேருந்துடி வந்துச்சு உனக்கு இவ்வளவு தைரியம்?"

பலாக்காய்ப் பானையைக் கிளறிக்கொண்டிருந்த வினார்சியின் கை அப்படியே நின்றது. சமையலறை வாசலில் மாமியார் துமிரா நின்றாள். மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. கையில் ஜகார்த்தாவிலிருந்து வந்த பழுப்பு உறை இருந்தது.

யோக்யகர்த்தாவில் குடெக் சமைக்காத தெரு கிடையாது. பலாக்காயும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் எல்லாப் பானையிலும் ஒன்றுதான். சமைக்கிற அம்மாளின் பெயரைச் சொல்லித்தான் ஜனங்கள் கடை தேடி வருவார்கள். 'குடெக் துமிரா' என்ற இணைய முகவரியைத் தட்டினால் துமிராவின் சிரித்த முகம் வரும், வெளியூர் ஆர்டரும் வரும். அந்த முகவரியை ஒரு டின் உணவுக் கம்பெனி விலைக்குக் கேட்டிருந்தது. அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் விற்பவர் என்ற இடத்தில் துமிராவின் பெயர் இல்லை. மருமகள் வினார்சியின் பெயர் இருந்தது!

"பதில் சொல்லுடி... செத்துப்போன மகனோட பொண்டாட்டியாச்சே, எங்கே போவான்னு வீட்ல வச்சிருந்தேனே, அதுக்கா இது? கல்யாணத்துல அவன் மகராப் போட்ட சங்கிலியை வித்து அண்ணன் வீட்டுக்குக் கொட்டிக் கொடுத்தே. அப்பக்கூட நான் வாயைத் திறக்கலை!"

திறக்காமல் என்ன? அன்றைக்குத் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

மேசையில் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தான் இளைய மகன் தனாங். இந்த விற்பனையைப் பேசி முடித்ததே அவன்தான். ஜகார்த்தாவில் ஒரு கிளை போட வேண்டும் என்பது அவன் கனவு. அம்மா கத்தக் கத்த, ஏற்கெனவே உரித்த முட்டையையே திருப்பித் திருப்பி உரித்துக்கொண்டிருந்தான். அண்ணியின் பக்கம் அவன் கண் திரும்பவேயில்லை.

"மன்னிச்சிருங்கம்மா..." என்றாள் வினார்சி.

"மன்னிப்பா? கம்பெனிக்காரர் இப்ப வந்துடுவார். அவர்கிட்ட கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துட்டு, துணிமணியை எடுத்துக்கிட்டு உங்கண்ணன் வீட்டுக்குப் போயிடு. இனி உன் மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன்!"

"ஆகட்டும்மா."

இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அவள் சொன்ன பதில் இது ஒன்றுதான். அறைக்குப் போய்ப் பையை எடுத்தாள். நாலு உடுப்பு, தொழுகை அங்கி, கணவன் சிகித்தின் புகைப்படம். அவ்வளவுதான் அவள் சொத்து. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாளே!

போன வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்த சமயம். இணைய முகவரிக்கு வருஷா வருஷம் கட்ட வேண்டிய தொகையைத் தனாங் மறந்துவிட்டான். கெடு தாண்டியதும் சுரபாயாவில் எவனோ ஒருவன் அதை வளைத்துப் போட்டுக்கொண்டான். 'குடெக் துமிரா' என்று தட்டினால் சூதாட்ட விளம்பரம் வந்தது. ஹஜ்ஜுக்குப் போய்வந்த பொம்பிளையின் பெயரில் சூதாட்டம்! அப்போது துமிரா நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா உசிரே போயிடும் அண்ணி..." என்று தனாங் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

வினார்சி சங்கிலியை விற்றாள். சுரபாயாக்காரனோடு ஒப்பந்தம் எழுதி முகவரியைத் திரும்ப வாங்கினாள். பணம் கொடுப்பவர் பெயருக்குத்தான் மாற்றுவேன் என்று அவன் பிடிவாதம் பிடித்தான். சரி, எப்படியும் வீட்டுக்குள்தானே இருக்கப் போகிறது என்று அவளும் கையெழுத்துப் போட்டாள். வம்பு அதிலிருந்துதான் வளர்ந்தது.

வாசலில் கார் வந்து நின்றது. பையைக் கூடத்துக் கதவோரம் வைத்துவிட்டு, வந்தவருக்கு இனிப்பாகத் தேநீர் போட்டுக்கொண்டு போனாள். கம்பெனிக்காரர் சிஹோம்பிங் ஆள் வாட்டசாட்டம், பேச்சும் அதேபோல. ஒப்பந்தத்தை விரித்து உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

"...விற்ற பிறகு, விற்றவரோ அவருடைய குடும்பத்தாரோ துமிரா என்ற பெயரில் இணையத்தில் குடெக் விற்கக் கூடாது..."

"இருங்க, இருங்க!" துமிரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என் பேரை நானே போடக்கூடாதா?"

"போன தடவை வந்தப்பவே இதையெல்லாம் விளக்கிச் சொன்னேனேம்மா! ஒவ்வொண்ணுக்கும் 'ஆகட்டும், ஆகட்டும்'னு தலையாட்டினீங்களே?"

"வீடு தேடி வந்த விருந்தாளிகிட்ட பின்ன என்னங்க சொல்லுவாங்க? மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னா? நீங்க ஜாவாக்காரர் இல்லையா?"

"நான் வேற தீவு, மேடான் பக்கம்மா. எங்க ஊர்ல ஆகட்டும்னா ஆகட்டும்தான்!"

துமிரா தனாங்கைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். சிஹோம்பிங் பெருமூச்சு விட்டுவிட்டு, முத்திரை வில்லை ஒட்டிய தாளை வினார்சியின் பக்கம் தள்ளினார்.

"சட்டப்படி இவங்க கையெழுத்து இருந்தாப் போதும். போடுங்கம்மா."

வினார்சி பேனாவை எடுத்தாள். போடாதே என்று சொல்ல மாமியாருக்கு வாய் வரவில்லை. சற்று முன்னால்தானே துரத்தினாள், இப்போது எந்த முகத்தோடு கேட்பாள்? வினார்சி அந்த வதங்கிய முகத்தைப் பார்த்தாள். கதவோரம் கிடந்த பையைப் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஐயா கோவிச்சுக்கக் கூடாது... நான் மாட்டேன்."

தனாங்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணியின் வாயிலிருந்து 'மாட்டேன்' என்ற சொல் வந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"விலை பத்தலையா?" என்றார் சிஹோம்பிங்.

அந்தக் கேள்வி துமிராவை மறுபடி கிளப்பிவிட்டது. "ஓஹோ! என் பேரைக் கையில வச்சுக்கிட்டு என்னை ஆட்டி வைக்கலாம்னு பார்க்கிறியா? சொல்லுடி, எப்படி உன் பேருக்கு மாத்தினே? இவர் முன்னாலேயே சொல்லு!"

வினார்சி ஒரு கணம் தனாங்கைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தாம்மா... எழுதிக்கிட்டேன். என் தப்புதான்."

"பொய்ம்மா! பொய்!"

தனாங் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அம்மாவின் முன்னால் மண்டியிட்டு, அவள் முழங்காலில் நெற்றியை வைத்துத் தேம்பினான். "பணம் கட்ட மறந்து அதைத் தொலைச்சதே நான்தாம்மா... உங்க பேர்ல சூதாட்டம் நடந்துச்சு. அண்ணி சங்கிலியை வித்து மீட்டாங்க. அந்த ஒப்பந்தத்துல சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான்! காலையில நீங்க அவங்களை அந்தப் பேச்சுப் பேசினப்ப... சாட்சி சொல்ல எனக்குத் துப்பில்லையேம்மா!"

துமிரா மெல்ல எழுந்துபோய் மருமகளின் வெறுங்கழுத்தைத் தொட்டாள்.

"என் சிகித் போட்ட சங்கிலியா...? அதையா என் பேருக்காக வித்தே? நான் உன்னை எப்படியெல்லாம் பேசினேன்... ஏண்டி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அப்ப உங்களுக்கு உடம்பு சரியில்லைம்மா..."

துமிரா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஐயா, உங்ககிட்ட ஒரு முத்திரை வில்லை மிச்சம் இருக்குமா?"

"இருக்கு... எதுக்கும்மா?"

"எழுதுங்க. விற்பவர் வினார்சி. வாங்குபவர் துமிரா. கிரயம், என் மகர் வளையல் ரெண்டு." சொல்லிக்கொண்டே கையிலிருந்து வளையல்களை இழுத்தாள். கழலவில்லை. எச்சில் தொட்டு உருவினாள்.

"வேணாம்மா! நான் சும்மாவே மாத்திக் கொடுத்துடறேன்..."

"வந்த நாளா ஆகட்டும் ஆகட்டும்னு சொன்னவ, இன்னிக்குப் பார்த்து மாட்டேன், வேணாம்னு அடுக்குறியே!" துமிராவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "சும்மா வாங்கினா நாளைக்கே மறந்துட்டு மறுபடியும் உன்னைப் பேசுவேன். என் வாய் எனக்குத் தெரியாதா? பத்திரத்துல இருக்கட்டும்."

வாங்க வந்தவர், பாவம், எழுத உட்கார்ந்தார். ஒரு புது ஒப்பந்தத் தாளை எடுத்து இடங்களை நிரப்பிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"விற்பவரோட வீட்டு முகவரி?"

எல்லாருடைய கண்ணும் கதவோரம் கிடந்த பையின் மேல் போயிற்று. வினார்சி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இந்த வீடுதான்!" துமிராவின் குரல் உடைந்தது. "இதை விட்டா அவளுக்கு வேற ஏதுய்யா முகவரி? அழுத்தமா எழுதுங்க..."

வினார்சி அதற்கு மேல் தாங்கவில்லை. "அம்மா..." என்று மாமியாரின் தோளில் விழுந்து விம்மினாள். துமிரா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அந்த வளையல்களை அவள் கையில் ஏற்றினாள். தனாங் யாரும் சொல்லாமலே எழுந்துபோய்ப் பையைத் தூக்கி அண்ணியின் அறையில் வைத்துவிட்டு வந்து, சாட்சிக் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கினான்.

உள்ளேயிருந்து தீய்ந்த வாடை வந்தது.

"அடியே, பானை அடிபிடிக்குது! கையெழுத்தைப் போட்டுட்டு ஓடி வா. ஐயா பசியோட இருக்கார், சாப்பிடாம அனுப்பினா என் பேரு என்னாகிறது?"

"ஆகட்டும்மா," என்றாள் வினார்சி.