காதுப்பெட்டி போன இடம்

காலையில் பல் துலக்கிய கையோடு கைபேசியில் நாள்சீட்டைத் திறந்து பார்ப்பது கோவையில் எல்லோருக்கும் இருந்த பழக்கம்தான். முந்தைய நாள் வீட்டில் ஓடிய தண்ணீர், செலவான மின்சாரம், பேசிய சொற்கள். மூன்றாவது வரியை இளவெயினி வேகமாகத் தாண்டிவிடுவாள். நாற்பது, முப்பத்தாறு, ஒருநாள் வெறும் பன்னிரண்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு என்றிருந்தது.

சந்தோஷப்படலாம்தான். ஆனால் எண்ணிச் சொல்லும் பெட்டியே வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரிடம் போய்விட்டு வந்தபோது பூட்டு நெம்பப்பட்டிருந்தது. அலமாரியில், தூசிக்கு நடுவே ஒரு சதுரம் மட்டும் சுத்தமாக இருந்தது.

அரசுத் தாள்களில் அதற்கு இல்லச்செவி என்று பெயர். கடையில் ஹோம் ஹப். ஊருக்கெல்லாம் காதுப்பெட்டி. அது இருக்கும் வீட்டில்தான் குழாய் திறக்கும். யார் பேசினார்கள் என்று பார்க்காது. எத்தனை சொல் என்று எண்ணும், அதிகம் வந்த மூன்று சொற்களைக் காட்டும். தனியாக இருந்தவர்கள் செத்துக் கிடந்தும் வாரக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் போன காலத்துக்குப் பிறகு வந்த ஏற்பாடு. தனியாக வாழ்பவர் தினமும் சராசரியாக முந்நூறு சொல்லாவது பேச வேண்டும். மூன்று மாதம் குறைந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு துணை இல்லத்துக்குப் போக வேண்டியதுதான். அங்கே அறைக்கு எட்டுப் பேர்.

இளவெயினிக்கு இது மூன்றாவது மாதம். முடிய ஒன்பது நாள் இருந்தது. செயற்கைக்கோள் வரைபடங்களில் தெருப்பெயர் திருத்துவது அவள் வேலை. அதற்கு வாய் தேவையில்லை. அந்த வீடும் அதன் அமைதியும் அவளுக்குப் பிடிக்கும். அதை எழுத நாள்சீட்டில் இடமில்லை.

காவல் சாவடியில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பெட்டி நல்லா ஓடுதுங்களே. நீங்களும் நல்லாப் பேசியிருக்கீங்க."

"பேசினது நான் இல்லீங்க. அது எங்க இருக்குதுன்னு சொல்லுங்க, போதும்."

"இடத்தைக் காட்டறதுக்குச் சட்டம் விடாதுங்க. எங்களுக்குப் பெட்டி எங்கயோ அங்கதான் உங்க வீடு."

ஆக, சட்டப்படி அவள் வேறெங்கோ குடியிருந்தாள். பக்கத்து வீட்டில் குடம் குடமாகத் தண்ணீர் வாங்கிக்கொண்டே, தினமும் அந்த இன்னொரு இளவெயினியின் சீட்டைப் படித்தாள். அவள் நாலு மணி நாற்பதுக்குக் குழாயைத் திறந்தாள். ஒரே நாளில் ஏழாயிரம் சொல்லைத் தாண்டினாள். இவளுடைய மூன்று சொற்கள் எப்போதும் சரி, வேண்டாம், பால். அவளுடையவை மக்கா, ஏல, சோறு. இப்படி வாய் ஓயாமல் தன் பெயரில் வாழ்வது யார் என்று பார்க்கும் ஆவலில் திருட்டுப்போன கோபம்கூடப் பின்னால் போய்விட்டது.

மக்கா, ஏல என்று பேசுபவர்கள் கடல் ஊருக்குள் ஏறியதும் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தவர்கள். நாலு நாற்பதுக்குத் தண்ணீர் விடுவது மூடிப்போன மில்லின் லைன் வீடுகளுக்கு மட்டும். அந்தச் சந்துக்குப் பெயர் திருத்தியதே அவள்தான். சனிக்கிழமை காலை கிளம்பிப் போனாள். சந்து முனையிலேயே பேச்சுச் சத்தம் கேட்டது.

கதவைத் திறந்தவளுக்கு அவள் வயதுதான் இருக்கும், ஐம்பது. பெயர் செலஸ்டினா. பின்னால் ஒற்றை அறையில் எட்டுப் பேர், ஜன்னலில் காதுப்பெட்டி. யாராவது வாயைத் திறந்தால் அதன் பச்சை விளக்கு மினுங்கியது.

"அது என்னோடதுங்க."

செலஸ்டினா மறுக்கவில்லை. பெட்டியை எடுத்துத் துண்டில் சுற்றினாள். "வந்தவங்களுக்குப் பெட்டி தரமாட்டேங்காவ. பெட்டி இல்லாம சொட்டுத் தண்ணி இல்ல. ஆனா ஆள் இருக்க வீட்டுல கை வைக்கக் கூடாதுன்னு மூணு நாளு ஒங்க கதவுல காத வச்சுக் கேட்டேன். ஒரு அனக்கம் இல்ல. காலி வீடுன்னுதான் நெனச்சேன்."

"மூணு நாளும் நான் உள்ளதான் இருந்தேனுங்க."

செலஸ்டினா அவளையே பார்த்தாள். "ஒடம்புக்கு முடியலியா?"

"இல்லீங்க. நல்லாத்தான் இருந்தேன்."

துண்டு மூட்டை கைக்கு வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனால் கணக்கு மறுபடி நாற்பதுக்கு இறங்கும், இந்த மாதம் தப்பினாலும் ஒருநாள் துணை இல்லம் நிச்சயம். பெட்டி இங்கேயே இருந்தால் அவளை அழைத்துப்போக யாரும் வரமாட்டார்கள், அவள் குழாயிலும் தண்ணீர் வராது. மூட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இங்கயே இருக்கட்டுங்க. தண்ணிக்கு நான் தினமும் வந்துக்கறேன்."

செலஸ்டினா ஒரு குடத்தைக் கழுவி நிரப்பிக் கொடுத்தாள். டீ குடிக்காமல் விடவில்லை.

மதியம் இடுப்பில் குடத்தோடு தன் கதவின் முன் நின்ற இளவெயினி சாவியை எடுக்கவில்லை. குனிந்து கதவில் காதை வைத்தாள். நிறுத்த மறந்த மின்விசிறி உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. அந்த மூன்று நாளும் செலஸ்டினாவுக்குக் கேட்டது இதுதான். தான் உள்ளே இருந்தபோதும் இதுதான்.

பூட்டைத் திறந்து, குடத்தை இறக்கி வைத்தாள்.

"வந்துட்டேன்" என்றாள், சத்தமாகவே. எண்ணுவதற்குத்தான் அங்கே பெட்டி இல்லை.