இடக்கண்ணின் கோடு

கட்டத் திரையை அணைத்த பிறகுதான் கோடு எழுந்தது.

மலிகா விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை. ராயபுரத்துக் கண் மருத்துவமனையின் பின்னறையில், கறுப்புத் துணி அடித்த சுவர்களுக்கு நடுவே, நான்கு வருடமாக அவள் செய்துவரும் வேலை இது: நோயாளியின் கண்ணுக்குக் கீழே மெல்லிய கம்பியை ஒட்டி, எதிரே கறுப்பு வெள்ளைக் கட்டங்களை மாறி மாறித் துடிக்கவிட்டு, விழித்திரை எழுப்பும் துளி மின்சாரத்தைக் கணினியில் கோடாகப் பதிவது. கண்ணழுத்த நோய் நரம்பைத் தின்றிருந்தால் அலை தாழ்ந்துவிடும். இன்றைய நோயாளி தேசப்பனின் இடக்கண்ணில் கட்டங்கள் துடித்தவரை அலையே வரவில்லை. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டிய அவருக்கு அந்தக் கண்ணில் பார்வை போய் மூன்று வருடம்.

இப்போது, பார்க்க ஒன்றுமில்லாத இருட்டில், அலை வந்துகொண்டிருந்தது.

"நைனா, கண்ண அசைக்கிறீங்களா?"

"இல்லமா. சும்மாதான் குந்திகினு கீறேன்."

கம்பியை அழுத்திப் பார்த்தாள். விளக்கைப் போட்டாள். கோடு படுத்துவிட்டது. ஸ்பிரிட் வாடை, ஏசியின் முனகல், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளால் தரையில் ஓடும் மெல்லிய அதிர்வு. மதியம் மூன்று மணிக்கு எப்போதும் இருப்பவைதான். விளக்கை அணைத்தாள்.

கோடு எழுந்தது. முன்பைவிட உயரமாக.

"அந்தக் கண்ணுல எதுனா தெரியுதா?"

"தெரியுது. இருட்டானா மட்டும். யார்கிட்டயும் சொல்லல, லூசுன்னுவாங்கோ. ஏதோ ஒன்னு, எப்பவும் தூரமா நிக்கும்." கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பினார். "இன்னிக்கி கதவாண்ட கீது."

மலிகா எழுந்து விளக்கைத் தட்டினாள். எரியவில்லை. ஏசியின் முனகலும் நின்றிருந்தது. கரண்ட் போய்விட்டது. கருவி மட்டும் பேட்டரியில் ஓடியது. அதன் பச்சைக் கோடுதான் அறையில் இருந்த ஒரே வெளிச்சம்.

வெளியேற ஒரே வழி அந்தக் கதவு.

வரவேற்பில் இருக்கும் ஜேக்கப்பைக் கூப்பிட வாயைத் திறந்தாள். அதற்குள் தேசப்பனின் கைகள் தடவி வந்து அவள் கைகளைப் பற்றின. அவளும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆளா, நைனா?"

"நம்மள மாரிதான் கீது. மூஞ்சிதான்..."

திரையில் ஓர் அலை. அதைவிடப் பெரிதாய் இன்னொன்று. உப்புச் சேற்றின் வாடை ஸ்பிரிட்டை மூடியது. காலடிச் சத்தம் எதுவும் இல்லை. அலை மட்டும்.

கோடு திரையின் மேல்விளிம்பைத் தொட்டது.

"மலிகா," என்றார் கிழவர், மூச்சுக் காற்றாக. "உன் மூஞ்சிக்கு நேரா குனியுது. பாத்துடாத. கண்ண மூடிக்கோ."

மூடிக்கொண்டாள். வலிக்கும்வரை இறுக்கி.

அவருடைய இரண்டு கைகளும் அவள் கைகளுக்குள் இருந்தன. அவள் விடவில்லை. அவரும் விடவில்லை.

ஈரமான ஒரு விரல் அவள் இமைமேல் படிந்தது. அவசரமே இல்லாமல், இமையை மேலே தூக்கியது.