இரவல் விரல்

மடக்கிய குடையை ஸ்வீட்டி உதறியதில், அத்தனை தண்ணீரும் முன்னால் நின்றவனின் முதுகில் தெறித்தது.

"அரே... மழை வெளியதான பெய்யுது!"

மும்பை செம்பூர் நகைக்கடையில் திருநெல்வேலித் தமிழ்! அவன் திரும்பினான். கோபப்படத் தெரியாத கண்கள்... இமையோரம் ஒரு மழைத்துளி நின்றது.

"ஸாரி, கவனிக்கலை."

"இருக்கட்டும். பதிலுக்கு ஒரு ஹெல்ப் பண்ணுங்க. இந்த ரெண்டு வைர மோதிரத்துல எது நல்லாருக்கு? நிச்சயதார்த்தத்துக்கு."

ஓ... நிச்சயதார்த்தம். அவள் மனம் ஏன் சட்டென்று வாடியது? பார்த்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையே!

"பெருசா வாங்கணும்னு வந்தேன். இப்ப எல்லாமே ஒண்ணுபோல மின்னுது. தலை சுத்துது."

"இவ்வளவு லைட்டு போட்டா கண்ணாடித்துண்டு கூடத்தான் மின்னும். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்க."

விற்பனைப்பெண் வந்தனா தட்டோடு கூடவே வந்தாள். மழை வெளிச்சத்தில் பெரிய வைரம் கலங்கிய தண்ணீர்போல மங்கியது. சின்னதோ, அந்தச் சாம்பல் வெளிச்சத்தையும் வாங்கிச் சிரித்தது.

"பெருசா இருந்தா மட்டும் போதாது, வெட்டு நல்லா இருக்கணும். சர்ட்டிபிகேட் கேட்டீங்களா?"

"கேக்கணுமா?"

"கடவுளே... அவங்க விரல் அளவாவது தெரியுமா?"

"அவங்க விரலா..." அவன் விழித்தான். "உங்க விரல் மாதிரிதான் இருக்கும்."

"என் விரல் என்ன அளவுகோலா?"

கேட்டாளே தவிர, கை தானாக நீண்டது. அவனும் யோசிக்காமல் சின்ன மோதிரத்தைப் போட்டுவிட்டான். அவளுக்கென்றே செய்ததுபோல மோதிரம் பொருந்தி நின்றது.

ஸ்வீட்டிதான் முதலில் கையை இழுத்துக்கொண்டாள். மோதிரத்தைக் கழற்றித் தட்டில் வைத்தாள்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க."

தான் கொண்டுவந்திருந்த அறுந்த செயினை வந்தனாவிடம் பழுதுபார்க்கக் கொடுத்தாள். சனிக்கிழமை வரச் சொன்னாள் வந்தனா. திரும்பிப் பார்க்காமல் மழையில் இறங்கினாள் ஸ்வீட்டி.

அந்த வாரம் முழுக்க ஒரே குழப்பம். வேலைக்குப் போகும் ரயிலிலும் அந்தக் கண்கள்தான். யாரோ ஒருத்திக்கு மாப்பிள்ளை... அவனை நினைத்து நான் ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறேன்? சீ!

சனிக்கிழமை கடைக்குப் போனால், அவன் அங்கே நின்றான்.

"மோதிரம் சேரலைங்க."

"நான்தான் சொன்னேனே, அவங்ககிட்ட கேளுங்கன்னு!"

"லூஸா இருக்கு. மதினிக்கு ரொம்ப ஒல்லி விரல்."

"மதினியா? எந்த மதினி?"

"அண்ணனுக்குக் கட்டப்போறவங்க. அண்ணன் கப்பல்ல வேலை பாக்கான், நாளைக்குத்தான் வாரான். அதான் மோதிரம் வாங்க என்னைய அனுப்பினாங்க."

ஸ்வீட்டிக்குச் சந்தோஷமா, கோபமா? கோபம்தான் முந்திக்கொண்டது.

"அப்ப அன்னைக்கு ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே! அதுவுமில்லாம... உங்க விரல்ல பாத்த பெறவு, அது யாருக்குங்கறதே மறந்துட்டு. அதே அளவுலயே பில்லும் போட்டுட்டேன்."

அவள் முகம் சிவந்தது. அடுத்த நொடியே இறுகியது. இவனிடம் மறைக்கக் கூடாது. இப்போதே தெரிந்துபோகட்டும்.

"எனக்கு ஒரு தடவை நிச்சயமாகி முறிஞ்சுபோச்சு. நான்தான் முறிச்சேன். எங்க திலக் நகர்ல யாரை வேணா கேளுங்க, திமிர் பிடிச்சவள்னு சொல்லுவாங்க."

"ஏன் முறிச்சீங்க?"

"என்னைக் கேக்காமலே மோதிரம் வாங்கிட்டு வந்தாங்க. பாதி விரல்லயே நின்னுடுச்சு. 'கொஞ்சம் மெலிஞ்சா தானா ஏறும்'னு மாப்பிள்ளையோட அம்மா சொன்னாங்க. அவர் சிரிச்சார்... எல்லார் முன்னாடியும். கழட்டி அவர் கையிலேயே வெச்சுட்டேன்."

அவன் சிரிக்கவில்லை.

"நானா இருந்தாலும் கழட்டி வெச்சிருப்பேன்" என்றான் மெதுவாக.

இந்த ஒரு வார்த்தையை அப்பாகூடச் சொன்னதில்லை. அவள் கண்கள் நிறைந்தன. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தெருவே கரைந்து ஓடியது... மழையாலா, கண்ணீராலா?

"என் பேரு ஜோன்ஸ். தாராவில வீடு. மோதிரத்தைச் சின்னதாக்க நேத்தே குடுத்துட்டேன். இன்னைக்கு இங்க எனக்கு ஒரு வேலையும் இல்ல. செயின் வாங்க நீங்க வருவீங்கன்னுதான், கடை தொறந்ததுல இருந்து நிக்கேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இதைச் சொன்னது தப்புன்னா சொல்லிருங்க... போயிருதேன்."

கல்லாவுக்குப் பின்னால் வந்தனா, தமிழ் புரியாமலே எல்லாம் புரிந்தவள்போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஸ்வீட்டி துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"ஒரு வாரமா எனக்கு ஒரு பொண்ணு மேல பொறாமை. முகம் தெரியாது, பேர் தெரியாது. அவளை நெனச்சுக்கிட்டே இறங்க வேண்டிய ஸ்டேஷனைக்கூட விட்டுட்டேன்."

ஜோன்ஸ் குழம்பிப்போய் நின்றான்.

"யாருங்க அந்தப் பொண்ணு?"

"உங்க மதினிதான்!" என்றாள் ஸ்வீட்டி, முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டு.